வெள்ளிக்கிழமை ஜெபத்தில் வாசித்த என் மகளின் பெயர்

கர்த்தருக்குள் என் கூடப்பிறந்தவர்களைப் போன்ற உங்கள் எல்லோருக்கும் வணக்கம். என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். மன்னித்துப் படியுங்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான் படித்தேன். பிறகு ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பேக்கரியில் சேர்ந்தேன். இன்றும் அங்கேதான் பன் சுடுகிறேன். கடைக்கு முன்னால் வந்து நிற்கச் சொன்னால் எனக்கு அடுப்பருகில் நிற்பதைவிட அதிகமாக வியர்க்கும். சபையிலும் கடைசி பெஞ்சுதான். மற்றவர்கள் சத்தமாக ஜெபிப்பார்கள். நான் ஆமென் மட்டும் சொல்வேன்.

2024 ஜூலை மாதம் என் மகள் எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அவள் பெயர் பிரிசில்லா. எங்களுக்கு ஒரே பிள்ளை. உதவித்தொகை கிடைத்து அயர்லாந்து தேசத்துக்குப் போய், குடிதண்ணீர் பற்றிய மேல்படிப்பு படித்தாள். படிப்பு முடிகிற நேரம். அங்கேயே வேலை தேடித் தங்கலாம், இல்லாவிட்டால் திரும்பி வரலாம். எங்கள் ஊரில் இரண்டாவது வழியை யாரும் ஒரு வழியாகவே நினைப்பதில்லை. ஊரின் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு இங்கே வளர்ந்த பிள்ளைகள் விடியும் முன்பே ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அதற்கும் மேலே போனவள் என் மகள். அவள் திரும்பி வருவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

ஜூன் மாதம் ஒருநாள் போனில், "ஒரு ஆபர் வந்திருக்கு டாடி. யோசிச்சிக்கினு கீறேன்" என்றாள். தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின்களை விற்கும் கம்பெனி அது. யோசிக்கிறேன் என்று அவள் சொன்னது என் காதில் விழவே இல்லை. ஆபர் வந்தது மட்டும்தான் விழுந்தது.

எங்கள் சபையில் வெள்ளிதோறும் காலை பத்தரை மணிக்கு உபவாச ஜெபம் நடக்கும். ஜெபக் குறிப்புகளைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். எங்கள் சபையின் மூத்த சகோதரி சாந்தகுமாரி அக்கா அவற்றை மைக்கில் வாசிப்பார்கள். பேச வராத எனக்கு அந்தச் சீட்டுதான் வாய். ஒரு வருடமாக வாராவாரம் ஒரே குறிப்பு எழுதினேன். என் மகள் பிரிசில்லாவுக்கு அந்தத் தேசத்திலேயே நல்ல வேலை கிடைத்து நிலைத்திருக்க வேண்டும் என்று. எங்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. கேட்டது கையில் வருவதற்கு முன்பே, வந்துவிட்டது என்று நம்பி ஸ்தோத்திரம் செலுத்துவோம். ஜூலை 12ஆம் தேதி நானும் அப்படியே எழுதிப் போட்டேன். வேலை கொடுத்த தேவனுக்கு ஸ்தோத்திரம் என்று. அக்கா வாசித்தார்கள். சபை முழுவதும் கை தட்டியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் ஊரெல்லாம் தெரிந்திருந்தது. என் முதலாளி கல்லாவில் உட்கார்ந்தபடியே கத்தினார். "இன்னா தாசு, இனிமே நீ ஏரோப்ளேன்ல வந்துதான் பன்னு போடுவ போல!" கடைக்கு வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் மாவு பிசைவதுபோலக் குனிந்துகொண்டேன். ஆனால் உள்ளுக்குள் இனிப்பாக இருந்தது.

ஆனால் அவளிடமிருந்து போன் வரவில்லை. நாங்கள் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. "பிஸி", "அப்புறம் பேசறேன்" என்று மெசேஜில் இரண்டு வார்த்தை வரும். என் மனைவி எஸ்தர் அதை எத்தனையோ தடவை எடுத்துப் படிப்பாள். பக்கத்து வீட்டு தேவராஜ் அண்ணன், "வேலை கெடச்சதும் பழசெல்லாம் மறந்துடும்பா. என் தம்பி மவனும் அப்படித்தான்" என்றார். எஸ்தர் அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை முடிந்ததும் பஸ் நிலையம் வரை நடப்பேன். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவேன். ஒரே வாரத்தில் இரண்டு தட்டு பன்னைக் கருக்கிவிட்டேன். இத்தனை வருடத்தில் அப்படி நடந்ததே இல்லை. முழங்காலில் நின்றால் ஜெபம் வரவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு விண்ணப்பம். அதற்கும் ஸ்தோத்திரம் சொல்லி முடித்தாயிற்று. இனி எதைக் கேட்பது?

ஜூலை 19, வெள்ளிக்கிழமை. அன்றும் ஸ்தோத்திரச் சீட்டுதான் போட்டிருந்தேன். வெளியூரில் இருப்பவர்கள் பார்ப்பதற்காக ஜெபத்தைப் போனில் நேரலையாகக் காட்டுவார்கள். அந்தப் போனைக் கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் வைத்துப் பாஸ்டர் அம்மாதான் பார்த்துக்கொள்வார்கள். கூட்டம் முடிந்ததும் என்னை நிறுத்தினார்கள்.

"தாஸ் தம்பி, பிரிசி வாராவாரம் பாக்குது, தெரியுமா? அங்க விடியக்காலம் ஆறு மணி. வந்ததும் ஸ்தோத்திரம்னு எழுதி அனுப்பும். உங்க சீட்டைப் படிச்ச உடனே அது பேரு போன்லேர்ந்து போயிடுது. போன வாரமும் அப்படித்தான், இந்த வாரமும் அப்படித்தான். பொண்ணுக்கு இன்னா பிரச்சினை?"

எங்களுக்கு ஒரு வார்த்தை பேச நேரமில்லாத பிள்ளை, விடியற்காலையில் எழுந்து எங்கள் ஜெபத்தில் உட்காருகிறாள். தன் பெயரைக் கேட்டதும் எழுந்து போய்விடுகிறாள்.

எல்லோரும் போன பிறகு நான் மட்டும் உள்ளே இருந்தேன். அவளிடம் ஒருநாளாவது, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேனா? நினைத்து நினைத்துப் பார்த்தேன். கேட்டதாக ஞாபகமே இல்லை. ஊருக்கு முன்னால் பேசத் தெரியாத நான், அவளுக்காக ஊருக்கே பேசியிருக்கிறேன். அப்போதுதான் என் வாயில் சத்தம் வந்தது. "ஆண்டவரே, என் பிள்ளையின் வாயை நான் அடைத்துவிட்டேன். நீர் திறந்துவிடும். அவள் எதைச் சொன்னாலும் கேட்க எனக்குப் பெலன் தாரும்." வேறு எதையும் கேட்கவில்லை. வேலையைக் கேட்கவில்லை. ஞாயிறு வரை உபவாசம் இருந்தேன்.

ஜூலை 21, ஞாயிறு பகல் இரண்டரை மணிக்குப் போன் அடித்தது.

"டாடி, ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது."

"சொல்லு கண்ணு."

"அந்த வேலை வேணான்னு ஜூலை எட்டாந்தேதியே எழுதி அனுப்பிட்டேன். உங்களாண்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிக்கினு இருந்தேன். அந்த வெள்ளிக்கிழமையே நீங்க ஸ்தோத்திரம் சொல்லிட்டீங்க. மொத்த சபையும் கை தட்டுது. கடவுளுக்கே நன்றி சொல்லியாச்சு. அத்த நான் எப்படி டாடி மாத்தறது?"

அவள் அழுதுகொண்டே பேசினாள். சரியாகச் சாப்பிட்டு இரண்டு வாரம் ஆயிற்றாம். கம்பெனிக்காரர்கள் மாதக் கடைசி வரை யோசிக்கச் சொல்லியிருந்தார்களாம். மறுநாள் திங்கட்கிழமை சம்மதம் என்று எழுதிவிடத் தீர்மானித்திருந்தாளாம். கடவுளைப் பொய்யராக்கிவிட்டோமோ என்ற பயம். மூன்று வருடம் அங்கே மெஷின் விற்றுத் தீர்த்துவிடலாம் என்று நினைத்தாளாம்.

"உனக்கு இன்னாதாம்மா வேணும்?"

கோலார் பக்கத்தில் கிராமத்துக் கிணறு, போர்வெல் தண்ணீரைப் பரிசோதிக்கும் சின்ன இடம் ஒன்று இருக்கிறது என்றாள். மொத்தம் ஆறு பேர். அங்கே வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். முன்பு காலேஜில் படிக்கும்போது பேத்தமங்களா பக்கத்துக் கிராமங்களில் தண்ணீர் பிடித்துப் பாட்டில் பாட்டிலாக எங்கள் பிரிட்ஜில் அடுக்குவாள். "குடிக்கிற தண்ணி வெக்க இடமில்ல, ஊர்த் தண்ணியெல்லாம் இங்க கீது" என்று எஸ்தர் சண்டை போடுவாள். அதைத்தான் தொடர வேண்டும் என்கிறாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. "அதுக்கா அவ்ளோ தூரம் போய்ப் படிச்ச?" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. போனை வைத்துவிட்டாளோ என்று பயந்தேன். வெள்ளிக்கிழமை நான் கேட்ட பெலன் எங்கே? அந்த ஒரு நிமிடம் எனக்கு ஒரு மணி நேரம் போல இருந்தது. பிறகு என் நாக்கை யாரோ பிடித்துத் திருப்பியதுபோல இருந்தது. "தப்பா கேட்டுட்டேம்மா. நீ சொல்லு. நான் கேக்கறேன்" என்றேன்.

முக்கால் மணி நேரம் பேசினாள். ஆழத்துத் தண்ணீரில் கலந்திருக்கிற ஒன்று பிள்ளைகளின் பல்லைக் கறையாக்கி, எலும்பை வளைக்கும் என்றாள். அதைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு படிப்பு என்றாள். பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் அவள் குரல் பழையபடி ஆகிவிட்டது. அது புரிந்தது. எஸ்தர் என் தோளில் காதை வைத்து எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் போனைப் பிடுங்கி, "மொதல்ல எதனா சாப்பிடு" என்றாள்.

இதோடு முடியவில்லை. சபைக்கு முன்னால் ஒரு ஸ்தோத்திரம் ஏறியிருக்கிறதே. சீட்டு எழுதிப் போட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். மனது ஒப்பவில்லை. ஜூலை 26ஆம் தேதி, வாழ்நாளில் முதல் தடவையாக நான் மைக்கிற்கு முன்னால் போனேன். "நான் எழுதிக் கொடுத்தது நடக்கல. அவ அந்த வேலைய வேணான்னு சொல்லிட்டா. அவளக் கேக்காம நானே எழுதிட்டேன். என்ன மன்னிச்சுடுங்க. அவ இங்க வரா. அதுக்காக ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லி முடித்தேன். பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் நல்லது என்று நின்றேன். சாந்தகுமாரி அக்காதான் பேசினார்கள். "இன்னா தாசு, இத்தினி வருஷமா வாயே தொறக்கல. தொறந்ததும் குறிப்பையே வாபஸ் வாங்கறியே!" சபை சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு என் மகளுக்காக அவர்களே ஜெபித்தார்கள். அன்று பிரிசி கடைசி ஆசீர்வாதம் வரைக்கும் இருந்தாள் என்று பாஸ்டர் அம்மா சொன்னார்கள்.

அக்டோபர் மாதம் வந்து சேர்ந்தாள். "திருப்பி அனுப்பிட்டாங்களா?" என்று கடைத்தெருவில் கேட்காதவர்கள் இல்லை. இன்றும் சிலர் கேட்கிறார்கள். காலை ஏழு மணிக்குப் பங்காருபேட்டை பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போகிறாள். வெயிலில் முகம் கறுத்துத் திரும்புகிறாள். வெளிநாட்டில் தங்கிய பிள்ளைகளின் போட்டோவை யாராவது காட்டினால் என் மனது இன்னும் அலைகிறது. அதை மறைத்து எழுதினால் இது சாட்சி ஆகாது. ஒருநாள் சாயங்காலம் களைத்துப்போய் வந்து, "தப்பு பண்ணிட்டேனா டாடி?" என்று கேட்டாள். "தெரியலம்மா" என்றேன். அதுதான் உண்மை. பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து ஜெபித்தோம். அவள் ஜெபித்து முடித்ததும் நான் ஜெபித்தேன். சத்தமாகத்தான்.

நான் ஒரு வருடமாகக் கேட்டதை ஆண்டவர் தரவில்லை. ஒருநாள் கேட்டதை இரண்டே நாளில் தந்தார். என் பிள்ளையின் குரலை என் காதுக்குத் திருப்பிக் கொடுத்தார். விருப்பமில்லாத சம்மதத்தை அவள் எழுதுவதற்கு ஒருநாள் முன்னால் கொடுத்தார். அவருக்கு ஆயிரம் ஸ்தோத்திரம்.

இதைப் படிக்கிற தகப்பன்மாரே, தாய்மாரே, உங்கள் பிள்ளைக்காகச் சீட்டு எழுதுங்கள், நிறுத்தாமல் எழுதுங்கள். எழுதும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கப் பயமாக இருந்தால் அந்தப் பயத்தையே ஆண்டவரிடம் சொல்லுங்கள். என்னைப் போன்றவனுக்கே செய்தவர் உங்களுக்கும் செய்வார். இந்தச் சாட்சியை எழுதிக் கொடுங்கள் என்று பாஸ்டர் ஐயா ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டேன். இதைப் பிரிசியிடம் படித்துக் காட்டி, அவள் சம்மதம் கேட்டு, இன்று எழுதி முடித்தேன்.

2025 ஆகஸ்டு 17, ஞாயிற்றுக்கிழமை.