காற்றும் ஒரு அம்புக்குறியும்

என் மகள் எட்டாவது படிக்கிறாள். வருசா வருசம் வெளிவரும் கால்பந்து வீடியோ கேமில் இந்தத் தடவை என்ன புதுசு என்று எங்கள் ஊர் தங்கச்சிமடத்தில் அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. நான் கிழிந்த வலையைச் சரிபார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்வாள்.

"அப்பா, இதுல மழ பேஞ்சா பந்து வழுக்கும். காத்தடிச்சா பந்து ஒதுங்கும். ஒரே டீமுல ஆம்பளையும் பொம்பளையும் சேந்து ஆடலாம்."

"நீ ஆடிப் பாத்தியா?"

"போன்ல வீடியோதான் பாத்தேன். காசு குடுத்து ஆடுற கேம் கடையில பொம்பளப் புள்ளைகள விடமாட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கோயிலுக்குப் போட்ட உடுப்போடு அவளை நேராக அந்தக் கடைக்குக் கூட்டிப்போனேன்.

கடைக்காரர் வாசலிலேயே மறித்தார். "அண்ணே, பொம்பளப் புள்ள வந்தா பயலுக கூச்சப்படுவாய்ங்க."

"புது கேமுல பொம்பளப் புள்ளைக ஆடுதா இல்லையா?"

"ஆடுது..."

"டிவிக்குள்ள ஓடலாம், டிவிக்கு முன்னால உக்காரக் கூடாதோ?"

உள்ளே இருந்த கல்லூரிப் பையன் சிரித்தான். "என்னோட ஒரு ஆட்டம் ஆடட்டும் மாமா. தோத்தா இந்தப் பக்கமே வரக்கூடாது."

நான் வாயைத் திறக்குமுன் மகள் "சரி" என்று போய் உட்கார்ந்துவிட்டாள்.

நன்றாகத்தான் ஆடினாள். ஆளுக்கு ஒரு கோல். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் அவளுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. திரையின் மூலையில், காற்றுக்கு ஒரு அம்புக்குறி இடது பக்கம் காட்டியது.

காற்று என்றால் எனக்குத் தெரியாததா? இருபது வருசம் கடலில் கிடந்தவன். "காத்து எடப்பக்கம் இருந்து வருது. எடப்பக்கமாவே அடி, அது வலப்பக்கம் தள்ளிக் கொண்டாந்துரும்!" என்று கத்தினேன்.

அவள் நம்பி அடித்தாள். பந்து இன்னும் இடதுபக்கம் ஒதுங்கிக் கம்பத்தைத் தாண்டிப் போய்விட்டது. அந்த வேகத்திலேயே பையன் பந்தைக் கொண்டுபோய் கோல் போட்டான்.

விசயம் இதுதான். நாங்கள் காற்றை அது வரும் திசையை வைத்துச் சொல்வோம். வடக்கே இருந்து வந்தால் வாடை, மேற்கே இருந்து வந்தால் கச்சான். அந்த கேமிலோ, காற்று போகிற திசையை அம்பு காட்டுகிறது.

கடையே சிரித்தது. "மாமா, ஒங்க போட்டு கரை வந்து சேர்றதே பெரிய புண்ணியம்!"

மகள் எழுந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. நான் அவள் தோளைப் பிடித்து மறுபடி உட்கார வைத்துவிட்டு, பயல்கள் பக்கம் திரும்பினேன்.

"ஏலே, தப்பாச் சொன்னது நான். இங்கன இருக்கவங்கள்ல இதுவரைக்கும் தோக்காதவன் எவன்? அவன் மொதல்ல எந்திரிச்சு வெளிய போகட்டும். பின்னாலயே எம் மகளும் வருவா."

ஒருத்தனும் அசையவில்லை. கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு அடுத்த ஆட்டத்தைப் போட்டார்.

மகள் ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, நீங்க வெளிய நில்லுங்க."

நின்றேன். அந்த ஆட்டத்திலும் தோற்றாள். அடுத்த ஞாயிறும் போனாள், இன்னும் போகிறாள். காற்றைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்பதில்லை.