இரவல் சிரிப்பு

செத்துப்போனவர்கள் எல்லாரும் காசாவுக்குத்தான் போகிறார்கள் என்று ஏழு வயதுவரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். முட்டாள்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சும்மா நம்பவில்லை. கையில் சாட்சி வைத்துக்கொண்டு நம்பினேன்.

வாப்பா பட்டாளத்தில் ஜீப் டிரைவர். நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது அவருடைய படையைக் கப்பலேற்றிக் காசாவுக்கு அனுப்பினார்கள். ஐ.நா.வின் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு, அடித்துக்கொள்ளும் இரண்டு நாட்டுக்காரர்களுக்கும் நடுவில் நின்று, யாரும் யாரையும் சுட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை என்று சொன்னார்கள். தாராவியில் எங்கள் சந்துக் குழாயடியில் நடுவில் நிற்கப் போனவர்களின் கதியை நான் பார்த்திருக்கிறேன் என்பதால் வாப்பாமேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

வாப்பாவின் அண்ணன், அதாவது என் பெரியவாப்பா, வேறு காரணத்துக்காகப் பெருமைப்பட்டார். அது நபிமார்கள் நடந்த மண், தம்பி பாக்கியக்காரன் என்று தோல் கிடங்கில் எல்லாரிடமும் சொன்னார். அங்கே அவர் மேஸ்திரி. அவர் சொன்னால் பத்துப் பேர் தலையாட்டித்தான் ஆகவேண்டும்.

வாப்பா போகும்போது உம்மா முழுகாமல் இருந்தாள். தங்கச்சி பிறந்தாள். நான்காவது மாதம் இறந்துபோனாள். தங்கச்சி எங்கே என்று நான் நச்சரித்ததில், நபிமார்கள் இருக்கிற இடத்துக்குப் போய்விட்டாள் என்று பெரியவாப்பா சொல்லிவிட்டார். நான் இரண்டையும் கூட்டினேன். கணக்கில் நான் என்றுமே கெட்டிக்காரன்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். தம்பி பெண்டாட்டி கணவனின் அண்ணன் முகம் பார்த்துப் பேசக்கூடாது. அவர் இருக்கும் இடத்தில் தன் புருஷனோடும் பேசக்கூடாது. அவரும் அவளிடம் நேராகப் பேசமாட்டார். ஒரே அறை, நடுவில் ஒரு பழைய சேலைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் உம்மா, இந்தப் பக்கம் பெரியவாப்பா, நடுவில் டெலிபோனாக நான். "குழம்புல உப்பு இல்லைன்னு சொல்லு" என்பார். உம்மா கேட்டிருப்பாள். இருந்தாலும் நான் போய்ச் சொல்லவேண்டும்.

அடக்கம் முடித்து வந்த அன்றே பெரியவாப்பா சுவரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"தம்பிக்கு இத எழுதக் கூடாது. நாடு தாண்டி இருக்கவனுக்குத் துக்கத்தச் சொன்னா அவன் யாரு தோள்ல சாஞ்சு அழுவான்? வரட்டும். வந்த பொறவு நானே பக்குவமாச் சொல்லுதேன்."

அவரைக் கெட்டவர் என்று நினைக்கவேண்டாம். எங்கள் ஆட்கள் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் போன காலத்திலிருந்து இதுதான் முறை. ஊரில் யார் போனாலும், போனவன் திரும்பி வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகுதான் அவனுக்குத் தெரியும். அதுவரை கடிதத்தில் எல்லாரும் சுகமாக இருப்பார்கள்.

உம்மா என்னைத் திரைக்குள் இழுத்து, எழுதச் சொல்லுல, அவுகளுக்குத் தெரியணும் என்றாள். போய்ச் சொன்னேன். கூடாது என்றார். வந்து சொன்னேன். மறுபடி அனுப்பினாள். மறுபடி கூடாது. மூன்றாவது தடவை போனபோது டெலிபோனுக்கு ஓர் அடி விழுந்தது.

உம்மாவுக்கு எழுதத் தெரியாது. கடிதம் எழுதுவது பெரியவாப்பா, வருகிற கடிதத்தை வாசிப்பதும் பெரியவாப்பா. அந்தக் கடிதங்களில் என் தங்கச்சி மிக நன்றாக வளர்ந்தாள். குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், மேல்பல் இரண்டு முளைத்தன. உயிரோடு இருந்த நான் அந்த வருஷம் முழுக்க ஒரே கால்சட்டையில் இருந்தேன். எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. அங்கேயே இருக்கிற பிள்ளையைப் பற்றி, அவளைத் தினமும் பார்க்கிற மனுஷனுக்கு எதற்காக இங்கிருந்து எழுதுகிறார்கள்? பெரியவர்கள் விஷயம் என்று விட்டுவிட்டேன்.

இப்படியே போயிருக்கும். மாட்டுங்காவிலிருந்து ஆள் வந்ததுதான் வினை.

வாப்பா ஜீப் ஓட்டியது ஒரு கேப்டனுக்கு. அந்தக் கேப்டனின் அண்ணன் மாட்டுங்காவில் இருந்தார். பெரிய ஆபீசில் வேலை. அண்ணன் வீட்டிலும் தம்பி முகாமிலும் டேப் ரிக்கார்டர் இருந்தது. கடிதத்துக்குப் பதில் குரலைப் பேசிச் சுருளை அனுப்பிக்கொள்வார்களாம். கேப்டன் சொல்லியனுப்பியிருந்தார்: என் டிரைவர் வீட்டாரையும் கூப்பிட்டுச் சுருளின் கடைசியில் கொஞ்சம் பேசவை, அவன் இதுவரை பார்க்காத பெண்குழந்தையின் சத்தத்தைக் கேட்க ஆசைப்படுகிறான்.

பெரியவாப்பா அன்று சாப்பிடவில்லை. கடிதத்தில் பல் முளைக்க வைக்கலாம். சத்தத்துக்கு எங்கே போவது?

சந்தில் அடுத்த கதவு, நாங்கள் மாவ்ஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடும் மராட்டிக்காரியுடையது. அவளுக்கும் ஒரு பெண் குழந்தை. தங்கச்சிக்கு ஒரு வாரம் மூத்தது. பெரியவாப்பாவின் மனைவி பெரியும்மா போய் அரைகுறை இந்தியில் கேட்டு வந்தாள். மாவ்ஷி பிள்ளைக்கு மையிட்டு, உம்மாவின் கையில் கொடுத்தாளாம். திரைக்குள் உம்மா அந்தப் பிள்ளையை மடியில் வைத்திருந்த விதம் எனக்கு நினைவிருக்கிறது. யாரோ பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த நிறைகுடம்போல, உடம்பில் படாமல் வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மாட்டுங்காவுக்கு நடந்தோம். பெரியவாப்பா அத்தர் பூசியிருந்தார். குரலுக்கு எதற்கு அத்தர் என்று எனக்குச் சந்தேகம்; கேட்கவில்லை. போகிற வழியில் எனக்கு ஒரே உத்தரவு: சலாம் சொல்லு, நல்லாப் படிக்கேன்னு சொல்லு, வாயை மூடு.

அந்த வீட்டு சார் நல்லவர். எங்களை நாற்காலியில் உட்காரச் சொன்னார். பெரியவாப்பா உட்கார்ந்தார். உம்மா பிள்ளையோடு கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மேசைமேல் சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி, அதன்மேல் இரண்டு சக்கரங்கள். பேசினால் சத்தம் இதற்குள் போய்விடும், நாளைக்குத் தபாலில் போகும் என்று சார் எனக்கு விளக்கினார். உள்ளே போனால் தொண்டையில் மிச்சம் எவ்வளவு இருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை.

பெரியவாப்பா முதலில் பேசினார். கைக்கடிகாரம் ஒன்று, டார்ச் லைட் ஒன்று, கம்பளி இரண்டு, முடிந்தால் டிரான்சிஸ்டர் என்று வரிசையாகச் சொன்னார். பெரியும்மா பேரீச்சம்பழம் கேட்டாள். பிறகு என்னைத் தூக்கி மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். சலாம் சொன்னேன். நல்லாப் படிக்கேன் என்று பொய்யும் சொன்னேன். சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. வாப்பா அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"வாப்பா, தங்கச்சி அங்க வந்து சேந்துட்டாளா? இங்க ஒரு மராட்டிப் பிள்ளையத்தான் தூக்கிட்டு வந்திருக்கோம்."

பெரியவாப்பாவின் கை என் கன்னத்தில் பளார் என்று விழுந்தது. அறையும் சுருளில் பதிந்திருக்கும். சார் சுவிட்சை அமுக்கிவிட்டு, யாரையும் பார்க்காமல், "பயப்படாதேள், அழிச்சுடலாம். மேலே பேசினா கீழே இருக்கறது போயிடும்" என்றார். சக்கரத்தைப் பின்னால் சுற்றி ஓடவிட்டார். பெட்டிக்குள்ளிருந்து என் குரல் என்னைப் பார்த்துச் சலாம் சொன்னது.

என் வாழ்க்கையில் அதற்குமேல் நான் எதற்கும் பயந்ததில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை. என் குரல் பெட்டிக்குள் இருக்கிறது, அதை அழிக்கப்போகிறார்கள். ஆக, இனி நான் ஊமை. கதவோரம் ஓடிப்போய் அழலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் சார் சுவிட்சைப் போட்டுவிட, கதவுக்குப் பின்னாலிருந்து உம்மாவின் கை வந்து என் வாயைப் பொத்தியது. எவ்வளவு முக்கியும் சத்தம் வரவில்லை. அழித்துவிட்டார்கள், தீர்ந்தது என்று முடிவே செய்துவிட்டேன். கண் பிதுங்க, மூக்கு ஒழுக, சத்தமில்லாமல் துள்ளினேன்.

அதுவரை அந்த மராட்டிப் பிள்ளை வாயே திறக்கவில்லை. பெரியவாப்பா தாடியை ஆட்டிப் பார்த்திருந்தார், அந்த வீட்டு மாமி கரண்டியால் கிண்ணத்தைத் தட்டிப் பார்த்திருந்தாள். ம்ஹூம். இப்போது நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தது. சாதாரணச் சிரிப்பில்லை. கெக்கெக்கே என்று ஏறி, மூச்சு முட்டி நின்று, விக்கல் மாதிரி ஒன்று போட்டு, மறுபடி முதலிலிருந்து ஏறுகிற சிரிப்பு. அந்த வீடே அந்தச் சிரிப்பில் நிரம்பியது. பெரியவாப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. கேட்டியா தம்பி, ஒன் மவ சிரிக்கா என்றார் மைக்கிடம்.

சுருளில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. டிரைவரோட ஆத்துக்காரி ஒண்ணும் பேசலையே என்று சார் கேட்டார். பெரியவாப்பா என்னைப் பார்த்து, ரெண்டு வார்த்தை பேசச் சொல்லு என்றார். நான் ஊமை அல்லவா, வாயைத் திறக்கவில்லை. மாமி மைக்கை எடுத்துக் கதவோரம் நீட்டினாள். உம்மாவுக்குப் பேசவேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பெரியவாப்பா எழுந்து வெளியே போயிருக்கலாம். போகவில்லை. சக்கரம் சுற்றியது. மின்விசிறி கடகடத்தது. உம்மா மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுருள் தீர்ந்து அதன் நுனி டப் டப் என்று அடிக்கத் தொடங்கியதும் சார் நிறுத்தினார்.

அதற்குப் பிறகு பல நாள் நான் பேசவில்லை. அடி வாங்கியதில் புத்தி வந்துவிட்டது என்று பெரியவாப்பா மகிழ்ந்தார். கடைசியில் குழாயடியில் எவனோ காலை மிதித்தபோது கெட்ட வார்த்தை ஒன்று முழுசாக வெளியே வந்தது. அன்று நான் பட்ட சந்தோஷத்தை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

மறு வருஷம் படை திரும்பியது. நானும் பெரியவாப்பாவும் துறைமுகத்துக்குப் போனோம். வாப்பா கறுத்து மெலிந்து டிரங்குப் பெட்டியோடு இறங்கி வந்தார். என்னைத் தூக்கி முத்தம் கொடுத்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நான் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். இருவரும் ஒரே ஆளைத்தான் தேடினோம். பிள்ளை எங்கே அண்ணே என்று வாப்பா கேட்டதற்கு, வீட்ல, வீட்ல என்றார் பெரியவாப்பா. டாக்ஸியில் வரும் வழியெல்லாம் கைக்கடிகாரம் வாங்கிய விவரத்தையே கேட்டுக்கொண்டு வந்தார். முதலில் குளியல், பிறகு பிரியாணி, ஒரு தூக்கம், அதற்குப் பிறகு பக்குவமாகச் சொல்வது என்று திட்டம்.

சந்துக்குள் நுழைந்தோம். எங்கள் வாசலுக்கும் மாவ்ஷி வாசலுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை ஒரு கவிழ்ந்த வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றது. டிரங்குப் பெட்டியின் ஒரு முனையை நானும் தூக்குகிறேன் பேர்வழி என்று தள்ளாடியதைப் பார்த்துச் சிரித்தது. ஏறி, நின்று, ஒரு விக்கல், மறுபடி முதலிலிருந்து.

வாப்பா பெட்டியை அப்படியே போட்டார். அது என் கால்விரலில் விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. பிள்ளையை இரண்டு கையாலும் வாரித் தூக்கினார்.

"இதே சிரிப்புதான். கேட்டுக் கேட்டுக் கேப்டனே அலுத்துப்போனாரு. முகாமுல அத்தன பேருக்கும் ஒன் சிரிப்பு தெரியும்ட்டி."

சட்டைப் பையிலிருந்து ஒரு கிலுகிலுப்பையை எடுத்தார். பிள்ளை வாங்கிக்கொண்டது. மாவ்ஷி தன் வாசலுக்கு வந்து, கையை நீட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். பெரியவாப்பா, தம்பி மொதல்ல உள்ள வா, குளி, சாப்பிடு என்று தோளைப் பிடித்து இழுத்தார்.

உம்மா வெளியே வந்தாள். தலையில் முக்காடு இருந்தது. அதை முகத்துக்கு இழுத்துவிடவில்லை. பெரியவாப்பா நடுவில் நின்றார். அவரைத் தாண்டி வந்து, என்னைக் கூப்பிடாமல், நேராக வாப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"அது நம்ம பிள்ள இல்ல. நம்ம பிள்ள மவுத்தாயிட்டு."

வாப்பா பிள்ளையைக் கீழே இறக்கவில்லை. யாரும் வாங்கவும் போகவில்லை. எவ்வளவு நேரமோ அப்படியே நின்றார். அந்த மராட்டிப் பிள்ளையின் தலையை முகர்ந்துகொண்டே இருந்தார். தன்னுடையது இல்லை என்று சொன்ன பிறகும் ஏன் கொடுக்கமாட்டேன் என்கிறார் என்பது எனக்கு விளங்கவே இல்லை. என் கால்விரலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதைச் சொல்ல இது நேரமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் தங்கச்சி மழைக்காலத்தில் பேதி கண்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய வழியில், உம்மாவின் தோளில் இறந்தாள். வாப்பா அவளைப் பார்த்ததில்லை. அவள் குரலையும் கேட்டதில்லை.