புகையில்லாக் கரி

என் மூத்தவன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், கண்டிப் பக்கத்து மடவளையில், விடாத மழைக்குள் பிறந்தான். பிள்ளை பெற்று நாற்பது நாள் முடியும்வரை நான் அறையை விட்டு வெளியே வரக் கூடாது. பிள்ளைக்குக் குளிர்காற்று படக் கூடாதென்று மாமி ஜன்னல் இடுக்கெல்லாம் பழந்துணி திணித்து, கட்டிலடியில் நெருப்புச்சட்டி வைத்தார். விறகுப் புகையில் கண் எரிகிறதென்று நான் முணுமுணுக்க, மறுநாள் தேங்காய்ச் சிரட்டைக்கரி வந்தது. புகை துளியும் இல்லை. இரண்டு பேருக்கும் பெரிய நிம்மதி.

அன்று பின்னேரம் பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளை பார்க்க வந்தாள். "என்ன செவப்பு இந்தப் புள்ள," என்றாள். கண்ணூறு படாதிருக்க மாஷா அல்லாஹ் என்று ஒரு சொல் சொல்லவில்லை. மாமியின் முகம் சுருங்கியது. எனக்கோ காலையிலிருந்து தலை வெடித்துக்கொண்டிருந்தது. அவள் எப்போது தொலைவாள் என்றிருந்தது.

அவள் போனதும் பாலுக்கு அழ வேண்டிய பிள்ளை அழவில்லை. மார்பில் வைத்தேன், வாய் திறக்கவில்லை. உள்ளங்காலைச் சுண்டினேன். தலை ஒரு பக்கம் சரிந்தது. முகம் மட்டும் செக்கச்செவேலென்று இருந்தது. எழப் பார்த்தேன், கால் நிற்கவில்லை.

"மாமி, புள்ள அசையுதில்ல."

"கண்ணூறுதான் மகள். அவட கண்ணு கொள்ளிக்கண்ணு."

மாமி செத்தல் மிளகாயும் உப்பும் கொண்டுவந்து, பிள்ளையைச் சுற்றிக் கனலில் போட்டார். கண்ணூறு பட்டிருந்தால் நெடி ஏறாது என்பார்கள். ஏறியதே ஒரு நெடி, குடலைப் பிடுங்கியது. மாமி இருமிக்கொண்டே கதவைத் திறந்தார், ஜன்னல் துணியை இழுத்து எறிந்தார். மழைக்காற்று உள்ளே அடித்தது. பிள்ளையை அணைத்துக்கொண்டு வாசற்படிவரை தவழ்ந்தேன். ரப்பே, இவனைத் தந்துவிடு என்பதைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை. வெகுநேரம் கழித்து அவன் தும்மினான். பிறகு அழுதான்.

மறுநாள் கண்டியிலிருந்து வந்த டொக்டர் சட்டியைப் பார்த்ததும் எங்களை ஏசினார். அடைத்த அறையில் கரி எரிந்தால், கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத ஒரு நச்சுக்காற்று வருமாம். இரத்தத்தோடு ஒட்டிக்கொண்டு அதைச் சிவக்க வைக்குமாம். "பொகை வந்திருந்தா நீங்களே கதவத் தொறந்திருப்பீங்க," என்றார்.

நாள் போகப்போக பிள்ளை தன் வாப்பாவின் கறுப்புக்கு வந்து சேர்ந்தான். மாமிக்கு அதில் மனத்தாங்கல். "எவ்வளவு செவப்பா இருந்த புள்ள," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வருந்துவார். நானோ விடியும்போதெல்லாம் விளக்கைத் தூக்கிப் பிடித்து, அவன் கன்னம் கறுப்பாகத்தான் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மூச்சு விட்டேன்.