அண்ணனிடம் பாஸ் கேட்ட நாள்

தொற்று வந்த முதல் வருஷம், பள்ளிக்கூடங்களைப் பூட்டிய பிறகு, என்னை இஞ்சிவிளை எல்லைச் சாவடியில் உட்கார வைத்தார்கள். எல்லைக்கு மலையாளப் பக்கம், பாறசாலைக்கு அருகில் ஒரு பள்ளியில் நான் தமிழ் டீச்சர். களியக்காவிளை வழியாக வருகிறவர்களிடம் இரண்டு மொழியிலும் பேச ஆள் வேண்டும் என்று என் பெயரைச் சேர்த்திருந்தார்கள். ரோட்டோரம் தார்ப்பாய்ப் பந்தல், அதன் கீழே இரண்டு மேசை, முன்னால் குறுக்கே ஒரு கயிறு. முதல் மேசை என்னுடையது. பாஸில் உள்ள பெயர், தேதி, வண்டி நம்பர் மூன்றும் சரியாக இருந்தால் அடுத்த மேசையில் இருக்கும் இளம் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். ஒன்று தவறினாலும் திருப்பி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் என் அதிகாரம். ஆனால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்த பார்வையில், அது எவ்வளவு பெரிய அதிகாரம் என்று தெரிந்தது.

ஆரம்பத்தில் அந்த வேலையில் எனக்குப் பெருமை இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. டிவியில் மற்ற நாடுகளின் ஆஸ்பத்திரி வராந்தாக்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நம் ஊருக்கு அது வரக் கூடாது, அதற்கு நானும் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

அண்ணன் எல்லைக்கு அந்தப் பக்கம், நாங்கள் பிறந்த வீட்டிலேயே இருந்தார். என் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். நடுவில் மாநிலம் மாறுவது கடைகளின் பெயர்ப்பலகையைப் பார்த்தால்தான் தெரியும். அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு வருஷமாக இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் எங்கள் பக்கம் நெய்யாற்றின்கரையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொண்டு போவார். அங்கேதான் அவருடைய படுக்கை, அங்கேதான் அவர் கையைப் பார்த்ததும் ஊசி குத்த இடம் தெரிந்த நர்ஸ். எல்லையை அடைத்தபோது தன் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் கேட்டுப்பார்த்தார். புதிதாக ஆளைச் சேர்க்க இடமில்லை என்றார்கள்.

எனவே அவருக்கு ஒவ்வொரு தடவையும் பாஸ் வேண்டும். ஒரு பாஸ் ஒரு பயணத்துக்கு. திரும்பிப் போன அன்றே அடுத்ததற்கு எழுதிப் போட வேண்டும். "வாரம் மூன்று முறை, உயிர் உள்ளவரை" என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது.

சாயங்காலச் செய்தி முடிந்ததும் அண்ணன் போன் பண்ணுவார். நலம் விசாரிப்பு ஒரு வரி. பிறகு சண்டை.

"மக்கா, ஊரு வழியெல்லாம் லாரியில மண்ணு கொண்டுவந்து தட்டி அடைச்சானே, அதுக்கு எத்தர நேரம் ஆச்சு?"

"ஒரு நாளு ஆயிருக்கும்."

"அந்த வழியில ஆஸ்பத்திரிக்கு போறவன் யாரெல்லாம்னு கேக்கதுக்கு எத்தர நாளாவும்?"

"அண்ணா, ஒரே நேரத்துல ஊருக்கே மூச்சு முட்டினா படுக்க வைக்க எடம் எங்க உண்டு? இப்ப அடைச்சாத்தான் பின்ன ஆஸ்பத்திரி தாங்கும். இது யாருக்கும் முன்னப்பின்ன தெரியாத நோவாக்கும்."

"நோவு தெரியாது, செரி. எனக்க கிட்னி போனது நாலு வருஷமா ஊருக்கே தெரியுமே? நான் முப்பது வருஷம் பஸ்ஸுல நின்னவனாக்கும். திருவிழாக்கு ஆளு வரும்னா தலேநாளே ஸ்பெஷல் வண்டிக்கு எழுதிக் குடுக்கணும். ஆளு வந்து நின்ன பின்ன விசிலடிச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல."

"உங்களுக்கு எங்க சர்க்காரக் குத்தம் செல்லணும்."

"எங்க சர்க்காரு, உங்க சர்க்காருன்னு நான் செல்லலியே. ஒருத்தன் மண்ணு தட்டினான், மத்தவன் கயிறு கெட்டினான். நடுவுல நிக்கியவனுக்கு ரெண்டும் சர்க்காருதான்."

நான் ஏதாவது சொல்லிப் போனை வைப்பேன். அவர் பேசுவதில் பாதி நியாயம் என்று தெரியும். மீதிப் பாதி, வியாதிக்காரனின் எரிச்சல் என்று ஒதுக்கிவிடுவேன்.

மூன்று வாரம் எப்படியோ ஓடியது. நாலாவது வாரம் வியாழக்கிழமை பாஸ் வரவில்லை.

காலை எட்டரை மணி இருக்கும். வரிசையில் ஏழெட்டுப் பேருக்குப் பின்னால் அண்ணனைப் பார்த்தேன். அவர் மனைவி, என் மைனி, அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் என்னைக் கூப்பிடவில்லை, கையும் காட்டவில்லை. வரிசை நகர நகர நகர்ந்து கயிற்றுக்கு முன்னால் வந்து, மற்றவர்களைப் போலவே போனை நீட்டிக் காட்டினார்.

"இது செவ்வாய்க்கெழம பாஸாக்கும்," என்றேன்.

"தெரியும். இன்னத்தது வரல்ல. செவ்வாய்க்கெழமையே எழுதிப் போட்டாச்சு."

"கொஞ்ச நேரத்துல வருமாயிருக்கும்."

"ஒம்பதரைக்கு எனக்க பெட்டு. விட்டா வேற ஆளுக்கு."

டாக்டர் மேசையில் இல்லை. காய்ச்சலோடு வந்த ஒருவரை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, உடுப்பு மாற்றப் போயிருந்தார். வர ஒரு மணி நேரமாகும். பக்கத்தில் நின்ற எஸ்.ஐ. வந்து போனை எட்டிப் பார்த்தார். "டீச்சரே, பழய பாஸில் விடான் பற்றில்ல" என்றார், விட முடியாது என்று. குரலில் கடுமை இல்லை. என் முடிவுக்காகத்தான் நின்றார் என்று இப்போது தோன்றுகிறது.

இது என் அண்ணன் என்று நான் சொல்லியிருக்கலாம். டாக்டருக்குப் போன் பண்ணியிருக்கலாம். முந்தின நாள்தான் எங்களைக் கூட்டி, வேண்டியவர்களை விட்டால் நடவடிக்கை என்று எச்சரித்திருந்தார்கள். அதை மட்டும் காரணமாகச் சொல்ல மாட்டேன். வரிசையில் அண்ணனுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். அரை மணிக்கு முன்னால் அவளுடைய தம்பியைத் தேதி சரியில்லை என்று நான் திருப்பியிருந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் நேர்மையானவளாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"புது பாஸு வந்த பின்ன வாருங்க," என்றேன். அண்ணா என்றுகூட அழைக்கவில்லை.

மைனிதான் பேசினாள். "பிள்ளே, நீயா இப்படிச் செல்லுகது?"

அண்ணன் அவளைத் தடுத்தார். "அவ செல்லல. மேசை செல்லுகு. வா."

இருவரும் ஆட்டோவுக்குத் திரும்பி நடந்தார்கள். அடுத்து அந்தப் பெண் வந்தாள். அவளுடைய பாஸைப் பார்த்தேன். பெயர், தேதி, நம்பர் எல்லாம் சரியாக இருந்தன. மூன்று தடவை வாசித்தும் எதுவும் மண்டையில் ஏறவில்லை.

அன்று சாயங்காலம் போன் வரவில்லை. நானே கூப்பிட்டேன். மைனி எடுத்தாள். பாஸ் இன்னும் வரவில்லை, கால் வீங்கியிருக்கிறது, தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்றாள். வெள்ளிக்கிழமை முழுவதும் நான் தெரிந்த அதிகாரிகளுக்கெல்லாம் போன் அடித்தேன். ஒருவர் அந்த மாநிலம் தர வேண்டும் என்றார். அந்த மாநிலத்தில் ஒருவர், உள்ளே வருவதற்கு உங்கள் பக்கம்தான் அனுமதிக்க வேண்டும் என்றார். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். இரண்டு பேரும் சொன்னது உண்மையும்கூட. அந்த இரண்டு உண்மைக்கும் நடுவில் அண்ணனின் நுரையீரலில் நீர் ஏறிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தப் பக்கத்து ஆம்புலன்ஸ் எல்லையில் வந்து நின்றது. அப்போதைய விதிப்படி அது உள்ளே வர முடியாது. எங்கள் பக்கத்து ஆம்புலன்ஸ் வந்து ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும். எங்களுடையது உதியன்குளங்கரையில் யாரையோ ஏற்றப் போயிருந்தது. நான் கயிறு வரைக்கும் ஓடினேன். திறந்திருந்த பின்கதவு வழியாக அண்ணனைப் பார்த்தேன். படுக்க முடியாமல் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி உட்கார்ந்து, வாயால் காற்றை இழுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் கழுத்து நரம்பு எழும்பி விழுந்தது. முகம் மஞ்சளும் கருப்புமாக ஊதியிருந்தது. என்னைப் பார்த்தார். சண்டைக்காரருக்கு ஒரு வார்த்தை பேச மூச்சு இல்லை.

"எத்தர நேரமாவும்?" என்று டிரைவர் கேட்டார்.

"இப்ப வரும்," என்றேன். எனக்குத் தெரியாது.

பத்து நிமிஷம் போனது. மைனி ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். அப்போது டாக்டர் வந்தார். இருபத்தாறு இருபத்தேழு வயதுப் பெண், முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண் மட்டும். வண்டிக்குள் ஏறி அண்ணனின் முதுகில் காதுக்குழாயை வைத்துக் கேட்டார். இறங்கி எஸ்.ஐ.யிடம், "வண்டி மாற்றான் சமயமில்ல. இதே வண்டி போட்டே. ஞான் ஒப்பிடாம்," என்றார், இதே வண்டி போகட்டும், தான் கையெழுத்துப் போடுகிறேன் என்று.

எஸ்.ஐ. தானே போய் ரோட்டின் குறுக்கே இருந்த தார் டிரம்மைச் சாய்த்து உருட்டினார். வண்டி போனது. டாக்டர் என் மேசைக்கு வந்து என் பேனாவை வாங்கி, பதிவேட்டில் பாஸ் நம்பர் எழுதும் இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"எங்க அண்ணன்," என்றேன்.

"அறியாம்," என்றார். "வியாழாழ்ச்ச என்னெ விளிக்காமாயிருன்னில்லே, டீச்சர்?"

தெரியும், வியாழக்கிழமையே என்னைக் கூப்பிட்டிருக்கலாமே என்பதுதான் அதன் அர்த்தம். அதைவிடப் பெரிய திட்டு என் வாழ்க்கையில் நான் வாங்கியதில்லை.

அண்ணன் பிழைத்தார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வெளியே விட்ட அன்று வாசலில் அவருக்காகக் காத்து நின்றேன். ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்தோம்.

"அண்ணா, என்னப் பொறுத்துக்கிடணும். நான் அண்ணைக்கு..."

"எட்டி, நிறுத்து," என்றார். குரல் இன்னும் தேறவில்லை. "நீ மாப்பு கேக்காத. நீ கேட்டா நானும் செரின்னு செல்லிடுவேன். பின்ன இது அண்ணன் தங்கச்சி காரியமாட்டுத் தீர்ந்துபோவும். இது நம்ம ரெண்டு பேரு காரியம் இல்ல. எனக்கு மாப்பு வேண்டாம், பதிலாக்கும் வேண்டியது."

"யாருகிட்ட கேக்கதுக்கு?"

"நீ சர்க்காரு சம்பளம் வாங்குகவதானே? உள்ள இருக்கியவ கேளு."

மறுநாள் நானும் டாக்டரும் உட்கார்ந்தோம். அந்தப் பக்கத்துச் சுகாதாரச் செவிலியர் ஒருவரின் நம்பர் கிடைத்தது. எல்லையைத் தாண்டி டயாலிசிஸுக்கும் புற்றுநோய் மருந்துக்கும் பிரசவத்துக்கும் வருகிறவர்கள், இங்கிருந்து அங்கே போகிறவர்கள், எல்லோருடைய பெயரையும் எழுதினோம். எஸ்.ஐ. அதை ஏற்றுக்கொண்டார், அந்தப் பக்கத்து இன்ஸ்பெக்டரும் ஏற்றுக்கொண்டார். பட்டியலில் பெயர் இருந்தால் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுப் போகலாம். பட்டியலைத் தயாரிக்க எங்களுக்கு ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. அந்தக் கணக்குதான் என்னைத் தூங்க விடவில்லை.

சில மாதம் கழித்து, தொற்று குறைந்திருந்தபோது, எல்லைப் பணியில் இருந்தவர்களை நெய்யாற்றின்கரையில் ஒரு மண்டபத்துக்கு அழைத்தார்கள். சால்வை, பாராட்டு, சாயா. அனுபவத்தைப் பேசுங்கள் என்றார்கள். எல்லோரும் நல்லதையே பேசினார்கள், அதில் பொய்யும் இல்லை. என் முறை வந்தபோது அந்த வியாழக்கிழமையை அப்படியே சொன்னேன். "ரோட்டை அடைக்கத் திட்டம் இருந்தது, திறக்கத் திட்டம் இல்லை. யார் தாண்டியே ஆக வேண்டும் என்று முந்தின நாளே கேட்டிருந்தால் நான் அதைச் செய்திருக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டிய பொறுப்பு யாருடையது?"

மேடையில் இருந்த அதிகாரி, "டீச்சர் நியமம் பாலிச்சு. டீச்சரின் பாகத்து தெற்றில்ல," என்றார். விதிப்படிதான் நடந்தேன், என் மேல் தவறில்லை. எனக்குக் கிடைத்த பதில் அது. பின்வரிசையிலிருந்து யாரோ கைதட்டினார்கள். மற்றவர்களும் தட்டினார்கள். நான் உட்கார்ந்தேன்.

அடுத்த வருஷம் தொற்று மறுபடி பெருகி, எல்லையில் சோதனை தொடங்கிய முதல் காலை ஒரு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "டீச்சரே, ஆ லிஸ்ட் கையிலுண்டோ?"

அந்தப் பட்டியல்தானே, உண்டு என்றேன். முதலில் சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சரிபார்க்கத் தொடங்கினேன். முதல் நம்பரில் ஒரு பெண் எடுத்து, அவர் ஓணத்துக்கு முன்னாலேயே போய்விட்டார் என்றாள். இரண்டாவது நம்பர் மாறியிருந்தது. அண்ணனைக் கூப்பிட்டபோது, "உயிரோட உண்டு, எழுதிக்கோ," என்றார். பிறகு, "எங்க பக்கத்து வீட்டுல ஒரு பிள்ள ஏழு மாசம். ஆஸ்பத்திரி உங்க பக்கமாக்கும். அவ பேரு உண்டா?" என்றார்.

"இல்ல."

"இந்தப் பேரெல்லாம் ஆபீசுல உண்டா, உனக்க நோட்டுலதான் உண்டா?"

"எனக்க நோட்டுலதான்."

"அப்ப நாளைக்கு உனக்கு நோவு வந்தா?"

அன்று மதியமே அந்த அலுவலகத்துக்குப் போனேன். நகல் போதும், வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்றார் கிளார்க். முடியாது என்றேன். பதிவேட்டில் ஏற்ற வேண்டும், மாதாமாதம் யார் சரிபார்ப்பது என்று எழுத வேண்டும், எனக்கு ரசீது வேண்டும். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அதற்கு உத்தரவு இல்லை என்றார். "உத்தரவு வருன்னது வரை இவிட இரிக்காம்," என்று அவருக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நாலு மணிக்கு உள்ளே இருந்து அதிகாரி அழைத்தார்; ரசீது கேட்க நோட்டோடு எழுந்தேன்.