கரையாத வெண்மை

பாளையங்கோட்டையில் மிஷன் நடத்திய ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் சாலோமி பார்த்த வேலையைச் சொன்னால், கேட்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நோயாளிகளின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சூடாக்கிப் பார்ப்பது அவள் வேலை. தெளிவாக இருந்தால் நல்லது. முட்டை வெள்ளைக்கரு வெந்ததுபோல வெளுத்தால், சிறுநீரகத்தில் கோளாறு. கர்ப்பிணிகளில் எத்தனையோ பேருக்கு அப்படி முன்கூட்டியே கண்டு சொல்லியிருக்கிறாள். வெள்ளைக்கார டாக்டரம்மா வேறு யார் கையிலும் அந்த மேசையைக் கொடுப்பதில்லை.

அவள் கணவர் தேவசிகாமணி தச்சநல்லூர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டி நடந்தே போய் நடந்தே வருவார். மனைவியின் சம்பளம் வீட்டுக்கு வேண்டியிருந்தது. அவள் வேலையைப் பற்றி மட்டும் யாரிடமும் பேசமாட்டார். கேட்டால், "ஆஸ்பத்திரில இருக்கா" என்பதோடு சரி.

1911ஆம் வருஷம் ஆடி மாதம் ஒரு காலையில் அவர் முகம் கழுவிவிட்டு வந்தபோது, இமைகள் இரண்டும் தடித்திருப்பதை சாலோமி பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். மத்தியானத்துக்குள் வடிந்துவிடும் வீக்கம் அது. என்ன வீக்கம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததாலேயே பதினைந்து நாள் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவர் கால் செருப்புக்குள் நுழையாமல் நின்ற அன்று சொன்னாள்.

"நாளைக்குக் காலைல ஒரு குப்பில பிடிச்சுத் தாங்க. நான் பாத்துட்டுச் சொல்லுதேன்."

"எதை?"

"மூத்திரத்த."

அவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். "பொண்டாட்டி கையில அதக் குடுத்துட்டு நான் எப்படித் தெருவுல நடப்பேன்? வேற சோலி இருந்தா பாரு."

"அங்கன எல்லாரும் குடுக்காங்க."

"அவங்க உனக்கு யாரு? நான் யாரு?"

அதற்கு மேல் அவளால் கேட்க முடியவில்லை. மூன்று மாதம் அப்படியே போயிற்று. கெண்டைக்காலில் விரலை அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. பாலத்தில் பாதி தூரம் வந்து மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டாரென்று யாரோ வந்து சொன்னார்கள். ஐப்பசி மழையில் ஒரு நாள் பள்ளிக்கூடம் போகாமல் படுத்துக்கொண்டார். அன்று அவள் கேட்கவே இல்லை. மறுநாள் காலையில் அடுக்களை வாசலில் துணி சுற்றிய குப்பி ஒன்று இருந்தது.

ஆஸ்பத்திரி மேசையில் அதைக் குழாயில் ஊற்றி விளக்கில் காட்டினாள். மேல் பாதி வெளுத்தது. சில உப்புகளும் சூட்டில் இப்படி வெளுப்பதுண்டு; காடித் திராவகம் என்ற புளிப்பு அமிலம் ஒரு துளி விட்டால் அந்த வெளுப்பு கரைந்துபோகும். அவள் துளி விட்டாள். கரையவில்லை. இன்னொரு துளி விட்டாள். மூன்றாவதும் விட்டாள். வெண்மை அப்படியே நின்று, பிறகு மெல்ல அடியில் படிந்தது.

பக்கத்தில் கட்டுத்துணி சுருட்டிக்கொண்டிருந்த நர்ஸ் எலிசபெத், "யாருது அக்கா?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுது."

டாக்டரம்மா வீட்டுக்கே வந்து பார்த்தார். பால் மட்டும் கொடுக்கச் சொன்னார். உப்பு ஆகாது, வெந்நீரில் நனைத்த கம்பளி போர்த்தி வியர்க்க வைக்கலாம் என்றார். அதற்கு மேல் மருந்து யாரிடமும் இல்லை என்பதையும் வாசலில் வைத்துச் சொன்னார். முன்னமே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று சாலோமி கேட்டாள். சொல்ல முடியாது என்றார் அவர். அந்தப் பதில் அவளுக்கு ஆறுதலாக இல்லை. புன்னைக்காயல் கருவாடு இல்லாமல் சோறு இறங்காத மனிதர் தேவசிகாமணி. அன்றிலிருந்து அவளும் கருவாட்டைத் தொடவில்லை.

ஒரு மத்தியானம் அவர் தன் சிலேட்டை எடுத்துவரச் சொன்னார்.

"எனக்குள்ள என்ன கெட்டுப்போச்சு? வரஞ்சு காட்டு."

அவள் வரைந்தாள். "முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும், கடைசி விலாவுக்கு உள்ளார, மொச்சக்கொட்ட வடிவத்துல ஒவ்வொண்ணு இருக்கு. கைமுட்டி அளவுதான். நாள் பூரா ரத்தம் அது வழியா வந்து வந்து போகுது. உள்ள மயிர விட மெல்லிசா ரத்தக்குழாய் சுருண்டு சுருண்டு கெடக்கு. அங்கன சல்லடயில வடியுத மாதிரி தண்ணியும் உப்பும் கழிவும் வடியுது."

"வடியுதது பூராவும் வெளிய போயிருமா?"

"போனா மனுசன் ஒரே நாள்ல வத்திப்போவான். வேண்டிய தண்ணியையும் சத்தையும் பக்கத்துல இருக்க சின்னக் குழல் திரும்ப இழுத்துக்கிடும். மிச்சந்தான் பைய பையச் சொட்டி, இந்த ரெண்டு குழாய் வழியா அடிவயித்துப் பைக்கு வருது."

"அந்த வெள்ள?"

"அது ரத்தத்துல நிக்க வேண்டிய சத்து. சல்லட கிழிஞ்சா வெளிய வந்துரும். போக வேண்டிய கழிவு உள்ள தங்கிரும். அதான் வீக்கம், அதான் தலவலி."

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். நல்ல வாத்தியார், கேள்வி விட்டுப்போகாது. "ஆண்டவர் எதுக்கு ரெண்டு வச்சாரு?"

"ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு பாத்துக்கிடும்."

"எனக்கு?"

சாலோமி சிலேட்டுக் குச்சியைக் கீழே வைத்தாள்.

"சரி," என்றார். பிறகு, "இம்புட்டும் உனக்குத் தெரியும்னு நான் ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல" என்றார்.

தை பிறந்தபோது சிறுநீர் ஒரு நாளைக்கு ஒரு கிண்ணம்கூட இறங்கவில்லை. உடம்பெல்லாம் அரித்தது. பால் குமட்டியது. மூச்சிலேயே சிறுநீர் வாடை வந்தது. பேச்சு குழறி, ஆள் அடையாளம் போயிற்று. கடைசி நாள் காலை அவர் கட்டிலில் எழுந்து உட்கார முயன்று, வகுப்புப் பேர் கூப்பிட ஆரம்பித்தார்.

"சிவசண்முகம்."

பதில் இல்லாததால் திரும்பவும் கூப்பிட்டார். அடுத்த பேருக்குப் போக முடியாமல் தவித்தார். உதவிக்கு வந்து வாசலில் நின்றிருந்த எலிசபெத் அழுதாள். சாலோமி கட்டில் காலருகே தரையில் உட்கார்ந்தாள்.

"உள்ளேன் ஐயா."

அவர் முகம் தெளிந்தது. "நூகு."

"உள்ளேன் ஐயா."

"காசிலிங்கம்."

"உள்ளேன் ஐயா."

முப்பத்தொரு பேர். சில பேர்களை இரண்டு தரம் கூப்பிட்டார். இரண்டு தரமும் சொன்னாள். முடித்ததும் தலையணையில் சாய்ந்துகொண்டார். வெயில் ஏறுவதற்குள் உயிர் போய்விட்டது.

அடக்கத்துக்குத் தச்சநல்லூர்ப் பிள்ளைகள் எல்லோரும் பாலம் தாண்டி வரிசையாக வந்தார்கள். அவர்களில் யார் சிவசண்முகம், யார் நூகு என்று சாலோமிக்குத் தெரியாது. ஒவ்வொருவரையும் நிறுத்திப் பேர் கேட்டுக்கொண்டே இருந்தாள்.