‘ஓய்வு பெற்றார்’ என்று ஒரு வரி

‘புரட்டாசி, இரண்டாம் சனி. ஜப்பான் கோல்கீப்பரைப் பற்றிய கட்டுரை முடிந்தது. கடைசி வரி: ஓய்வு பெற்றார். அதற்கு மேல் தகவல் கிடைக்கவில்லை.’ அன்று நான் குறித்து வைத்தது இவ்வளவுதான்.

கோவில்பட்டியில் ஹாக்கி பார்த்து வளர்ந்தவன் நான். மறுநாள் பத்திரிகையில் கோல் போட்டவர் பெயர் வரும். கோலைக் காத்தவர் பெயர் வராது. அந்தக் குறையில்தான், எந்த நாடு, எந்த ஆட்டம் என்று பார்க்காமல் கோல்கீப்பர்களின் வரலாற்றைத் தேதிவாரியாகச் சேர்க்க ஆரம்பித்தேன். இந்த ஜப்பான்காரர் கால்பந்து ஆடியவர். பல்கலைக்கழகத்திலிருந்து நேராக ஒரு பெரிய அணிக்குப் போய், இன்னொரு கோலிக்குப் பின்னால் பல வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முன்னவருக்குத் தோள்மூட்டு நழுவியபோது இவருக்கு இடம் கிடைத்தது. பிறகு இரண்டாம் பிரிவு, வேறு ஊர், மறுபடியும் பெஞ்ச். அவர் ஆடாத ஆட்டங்களின் தேதியைச் சரிபார்த்தே எனக்கு அலுத்துவிட்டது.

அந்த வாரம்தான் மைத்துனர் விஷயம் என் தலையில் விழுந்தது. என் மனைவியின் தம்பி அவர். மில் ஹாக்கி அணிக்குக் கோலியாக நின்றவர். மில்லை மூடிய பிறகு தீப்பெட்டி ஆபீஸில், அதாவது தொழிற்சாலையில், லாரிக்குப் பண்டல் ஏற்றுகிறார். ஞாயிறுதோறும் மூத்தோர் அணிக்கு அவர்தான் கோலி. ஆனால் இப்போதெல்லாம் பந்து கடந்த பிறகுதான் கால் நகர்கிறது. முந்தின ஞாயிறு ஒரு பந்து முகமூடிக்குக் கீழே தொண்டையில் பட்டு, மூச்சு வராமல் தரையில் கிடந்தார். போதும் என்று அவரிடம் சொல்ல அணியில் யாருக்கும் வாய் வரவில்லை. நான் சொன்னால் கேட்பார் என்று கேப்டன் என்னைத் தேடி வந்துவிட்டார்.

அவர் வேலை முடியும் நேரத்துக்குப் போய், எதிர்த்த டீக்கடையில் மைத்துனரை உட்கார வைத்து ஜப்பான்காரர் கதையைச் சொன்னேன். சட்டையெல்லாம் தீக்குச்சி மருந்துத் தூளும் வியர்வையுமாக, டீ ஆறும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்னைய நிப்பாட்டச் சொல்லணும்னா நேரா சொல்லுங்க, அத்தான். அதுக்கு ஜப்பான் வரைக்குமா சுத்தி வருதீங்க?”

நான் என் டீயை எடுத்துக் குடித்தேன்.

“சரி, அந்த ஜப்பான்காரரு அவராவே நிப்பாட்டுனாரா? இல்ல அங்கனயும் ஒரு அத்தான் போய்ச் சொன்னாரா?”

தெரியாது, அதைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது என்றேன். சிரித்தார், சிரித்ததில் தொண்டை வலித்துக் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு போனை எடுத்து, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு, கேப்டனைக் கூப்பிட்டார். இனிமேல் வரவில்லை, வேறு ஆள் பார்த்துக்கொள் என்றார்.

“சரிண்ணாச்சி. உடம்பப் பாத்துக்கோங்க.”

அவ்வளவுதான். போன் அணைந்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு பேச்சுக்காச்சும் வாங்கன்னு சொல்லலையே.”

காசை நான்தான் கொடுத்தேன். எழுதுவதாக இருந்தால் தானாக நிறுத்தியதாக எழுதச் சொல்லிவிட்டு டவுன் பஸ்ஸில் ஏறினார். அப்படியே எழுதிவிட்டேன், போன் பேசியதற்கு நானே சாட்சி. அடுத்த ஞாயிறு புதியவர் ஒருவர் கோலில் நின்றார். கேப்டன் என்னிடம் வருவதற்கு முன்பே அவரைப் பேசி வைத்திருந்தாரா என்று அணியில் இரண்டு பேரிடம் விசாரித்தேன். இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். எது சரி என்பது இதுவரை உறுதிப்படவில்லை.