ஒழுங்கற்ற படலம்

மேடையில் பொன்னாடையோடு நின்ற செந்தில்நாதனைப் பார்க்கப் பார்க்க வளர்மதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெய்வேலிச் சுரங்கத்தில் வண்டி ஓட்டிய ராஜாங்கத்தின் மகள் அவள். ஏழு வருஷம் மேடையில் நின்ற அந்த ஆளிடம் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிவிட்டு, டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள். அங்கேதான் அவர் சிறப்பு விருந்தினர்.

அவர் காட்டிய முதல் வரைபடமே அவளுடையது.

சில அணுக்களே தடிமனுள்ள மெக்னீசியப் படலத்தைத் திரவ ஹீலியத்தில் வைத்து அவள் மின்தடையை அளந்தபோது வந்தது அது. குளிரக் குளிர உலோகத்தில் தடை குறைய வேண்டும். இதிலோ, கடுங்குளிரில் தடை ஏறியது.

"மைன்ஸ்காரன் பொண்ணு மண்ணு கொட்டுற மாதிரி படலம் போட்டிருக்கே. தூக்கிப் போடு" என்றார் அன்று செந்தில்நாதன்.

அவள் போடவில்லை. வேண்டுமென்றே இன்னும் தாறுமாறான படலங்களாகப் பதினொன்று செய்தாள். தடை மேலும் ஏறியது. ஒழுங்கில்லாமல் கிடக்கும் அணுக்களில் சிதறிய எலக்ட்ரான் அலை, ஒரு சுற்றை இரு திசையிலும் சுற்றிப் புறப்பட்ட இடத்திலேயே கைகோத்துக்கொள்கிறது, குளிரில் அந்தப் பிடி கலைவதில்லை, மின்னோட்டம் தேங்குகிறது. இதையெல்லாம் அவள் எழுதிக் கொடுத்தாள். கட்டுரை வெளியானபோது அவர் பெயரும் அவருடைய மைத்துனன் பெயரும் மட்டுமே இருந்தன. அந்த மைத்துனன் ஆய்வகத்துக்கு வந்ததே டீ குடிக்கத்தான்.

கேள்வி நேரத்தில் வளர்மதி எழுந்தாள்.

"சார், இந்தப் படலத்துக்குச் சின்னதா ஒரு காந்தப்புலம் கொடுத்தா தடை ஏறுமா, எறங்குமா?"

"ஏறும்மா. இதெல்லாம் பி.எஸ்சி. பாடம்" என்று அவர் சிரித்தார். பிரின்சிபாலும் கூடவே சிரித்தார்.

"உங்க அடுத்த ஸ்லைடுல எறங்கியிருக்கே சார்."

அவர் ஸ்லைடை மாற்றினார். கோடு இறங்கித்தான் இருந்தது. "அது... கருவிக் கோளாறு."

"கோளாறு இல்ல. சுத்தி வர்ற ரெண்டு அலையோட பிடியைக் காந்தப்புலம் குலைச்சிடுது, தடை எறங்குது. அளந்தது நான். நீங்க படிச்சுக்கூடப் பார்க்கல."

அவர் தண்ணீர் குடித்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டதாகச் சொல்லிப் புறப்பட்டார்.

மறுநாள் பிரின்சிபால் மன்னிப்புக் கடிதம் கேட்டார். வீட்டில் ராஜாங்கம், "பதிலு தெரியாம ஓடுனவன் கிட்ட நீ இன்னாத்துக்கு மன்னிப்பு கேக்கணும்?" என்றார். அவள் கடிதம் எழுதினாள், கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு. ஆய்வகக் குறிப்பேட்டின் பக்கங்களையும் இணைத்தாள்.

கல்லூரி வேலை போனது. எட்டு மாதம் கழித்து இதழ் திருத்தம் வெளியிட்டது: முதல் பெயர் வளர்மதி, மைத்துனன் பெயர் இல்லை.

அன்றே செந்தில்நாதனிடமிருந்து செய்தி வந்தது: "வாழ்த்துகள். உன் திறமையில் எனக்கு என்றுமே சந்தேகம் இருந்ததில்லை."

இரண்டு முறை படித்தாள். திட்டி ஒரு வரி எழுதக்கூட அந்த ஆளுக்குத் தகுதியில்லை என்று தோன்றியது. கைபேசியிலிருந்து அவர் எண்ணையே அழித்துவிட்டாள்.